குரோஷே முயல் பொம்மை: திருகோணமலையில் புதிதாகப் பழகுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொக்கி ஊசி ஒன்றும் நூல் உருண்டை ஒன்றும் இருந்தால் முயல் பொம்மை பின்னிவிடலாம். என்னிடம் இதைப் பழகக் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதுவரை கொக்கி ஊசியைத் தொட்டுப் பார்க்காதவர்கள். முன்பள்ளி ரீச்சர்மார், பிரசவ லீவில் இருக்கும் தாய்மார், சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் என்று பலர். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் பதில்களை ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். முழு முயலுக்கான சுற்றுக் கணக்கும் இதற்குள் இருக்கிறது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முயல் கோணலாக வருவதற்குக் கைத்திறன் இல்லாதது காரணமல்ல. எண்ணிக்கை தவறுவதுதான் காரணம். எண்ணப் பழகியவருக்கு மற்றதெல்லாம் தானாக வரும்.

எனக்கு ஒன்றுமே தெரியாது. நேராக முயலில் தொடங்கலாமா, இல்லை வேறு ஏதாவது பின்னிப் பழக வேண்டுமா?

நேராக முயலிலேயே தொடங்குங்கள். மேசைவிரிப்பு, சால்வை என்று தொடங்கினால் அதன் நீளத்தை நினைத்தே மனம் சோர்ந்துவிடும். வரிசைக்கு வரிசை துண்டைத் திருப்பும்போது ஓரத்தில் கண்ணி (ஒவ்வொரு தையலிலும் உருவாகும் வளையம்) விடுபட்டு, சதுரமாக வர வேண்டியது ஒரு பக்கம் ஒடுங்கிப் போகும். முயலில் திருப்பும் வேலையே இல்லை. சுருள் போலச் சுற்றிச் சுற்றியே போகிறோம். தொடக்க வளையம், சிங்கிள் என்கிற ஒரேயொரு தையல், ஒரு கண்ணியை இரண்டாக்கும் கூட்டல், இரண்டை ஒன்றாக்கும் குறைத்தல் ஆகிய நான்கும் தெரிந்தால் போதும்.

முதலில் பின்னும் தலையே பயிற்சியும் ஆகிவிடும். பிடிக்கவில்லை என்றால் நூலை இழுத்து அவிழ்த்துவிட்டு அதே நூலில் மறுபடி தொடங்குங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்? எங்கே வாங்கலாம்?

2.5 மில்லிமீற்றர் கொக்கி ஊசி ஒன்று, 50 கிராம் நூல் உருண்டை ஒன்று, கொஞ்சம் பஞ்சு, முனை மொட்டையான பெரிய காது ஊசி ஒன்று, கத்தரிக்கோல், சட்டைப்பின் இரண்டு மூன்று, முகம் தைக்கக் கறுப்பு நூலும் இளஞ்சிவப்பு நூலும். இவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு ஊசி கொண்ட செட் முதல் நாளே வேண்டாம். கைப்பிடியில் ரப்பர் பொதிந்த ஒரு நல்ல ஊசி அதைவிட உதவும்.

திருகோணமலை நகரத்தில் மத்திய வீதி, பிரதான வீதி, என்.சி. வீதிப் பக்கமுள்ள தையல் சாமான் கடைகளிலும் பான்சி கடைகளிலும் தேடத் தொடங்குங்கள். நிறங்கள் நிறைய வேண்டுமானால் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லிப் புறக்கோட்டையில் எடுப்பிக்கலாம். இணையத்தில் வாங்குகிறவர்கள் ஒரே நிறத்தில் இரண்டு உருண்டை சேர்த்தே எடுங்கள். அடுத்த முறை வரும் சாயம் சற்று வேறுபட்டிருக்கலாம், அது காதிலும் காலிலும் பளிச்சென்று தெரியும்.

எந்த நூல் நல்லது?

முதல் முயலுக்கு மில்க் கொட்டன் என்று விற்கும் 5 இழை நூலைத்தான் நான் சொல்வேன். பருத்தி கலந்தது, மென்மையானது, கண்ணிகள் தெளிவாகத் தெரியும். முழுப் பருத்தி நூல் உருவத்தை நன்றாகப் பிடிக்கும், ஆனால் இழுபடாது, புதுக் கைக்குக் கொஞ்சம் வலி தரும். அக்ரிலிக் மலிவு, சீக்கிரம் காயும். நம் ஊர் வெயிலில் வியர்த்த கையோடு பின்னும்போது மட்டும் அது ஊசியில் ஒட்டிக்கொண்டு இழுக்கும்.

ரோமம் போலச் சடைத்த நூலில் முயல் அழகாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அதில் கண்ணியே தெரியாது, விரலால் தடவித்தான் எண்ண வேண்டும். அதை மூன்றாவது, நான்காவது முயலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பும் கடும் நீலமும் அப்படித்தான், இரவு விளக்கில் எண்ணவே முடியாது. வெள்ளை கையழுக்குப் பிடிக்கும். பால் நிறம், இளஞ்சாம்பல், வெளிர் மண்ணிறம் ஆகிய மூன்றில் ஒன்றை எடுங்கள். பையும் கூடையும் பின்னுகிற நைலோன் நூல் பொம்மைக்கு ஆகாது, குழந்தையின் கன்னத்தில் உரசும்.

நூல் பெக்கற்றில் 3.5 மில்லிமீற்றர் ஊசி என்று போட்டிருக்கிறது. நீங்கள் சிறியதைச் சொல்கிறீர்களே?

பெக்கற்றில் இருப்பது சட்டைக்கும் சால்வைக்குமான அளவு. அவை தொய்ந்து விழ வேண்டும். பொம்மையோ உள்ளே பஞ்சை அடக்கி நிற்க வேண்டும், கண்ணிகளுக்கிடையே வெள்ளை எட்டிப் பார்க்கக் கூடாது. ஆகவே பொம்மைக்கு எப்போதும் ஓரிரண்டு அளவு சிறிய ஊசி. பின்னிய துண்டை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால் ஓட்டைகள் தெரிகின்றனவா? இன்னும் சிறிய ஊசிக்குப் போங்கள். ஊசி கண்ணிக்குள் நுழையவே மறுக்கிறதா? ஊசியை மாற்ற வேண்டாம், நூல் பிடிக்கும் கையைத் தளர்த்துங்கள்.

உள்ளே என்ன நிரப்புவது? வீட்டில் இலவம் பஞ்சு இருக்கிறது.

தலையணைக்கு இலவம் பஞ்சு அருமையானது. பொம்மைக்கு வேண்டாம். ஒரு தடவை நனைந்தால் கட்டிபட்டுப் போகும், மாரி காலத்தில் உள்ளே காயாமல் மணக்கத் தொடங்கும். பொலியெஸ்டர் பஞ்சு வாங்குங்கள். பழைய தலையணைக்குள் இருக்கும் பொலியெஸ்டர் பஞ்சைக் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்து, விரலால் பிரித்தெடுத்தாலும் சரி. துணித் துண்டுகளையும் நூல் கழிவையும் திணித்தால் வெளியே முண்டும் முடிச்சுமாகத் தெரியும்.

கனத்துக்காக அரிசியோ பயறோ போடலாமா என்றும் கேட்கிறார்கள். கூடவே கூடாது. வண்டு வரும், எலி வரும், ஈரம் பட்டால் பயறு முளைக்கும்.

வீடியோவில் ஒருவர் சிங்கிள் என்கிறார், அம்மம்மாவின் பழைய புத்தகத்தில் அதே தையலை டபிள் என்று போட்டிருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. அமெரிக்க முறையில் சிங்கிள் என்பது பிரித்தானிய முறையில் டபிள். இப்போது இணையத்தில் வரும் பொம்மை முறைகளில் பெரும்பகுதி அமெரிக்க முறைதான். பழைய ஆங்கிலப் புத்தகங்கள் பிரித்தானிய முறையில் இருக்கும். ஓர் அடையாளம் சொல்கிறேன். இப்போதைய முறைகளில் எங்காவது சிங்கிள் குரோஷே என்ற சொல் வந்தால் அது அமெரிக்க முறை. இன்றைய பிரித்தானிய முறையில் அந்தப் பெயரில் தையல் கிடையாது. இதைப் பார்க்காமல் தொடங்கினால் கண்ணிகள் உயரமாகி, முயல் பஞ்சைக் கக்கும். இந்தப் பக்கத்தில் சிங்கிள் என்று நான் எழுதுவது அமெரிக்க சிங்கிளைத்தான். கண்ணியின் இரண்டு நூலுக்கும் கீழே ஊசியை விட்டு, நூலைக் கொளுவி இழுங்கள். ஊசியில் இரண்டு வளையம் இருக்கும். மறுபடி நூலைக் கொளுவி இரண்டுக்குள்ளாலும் இழுங்கள். அவ்வளவுதான் சிங்கிள்.

தொடக்க வளையம் எத்தனை தடவை போட்டாலும் அவிழ்ந்துவிடுகிறது.

மெஜிக் ரிங் என்று சொல்லும் இந்த வளையம் பழக நாளெடுக்கும். அதற்காக முயலைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு சங்கிலி (ஊசியில் இருக்கும் வளையத்துக்குள்ளால் நூலைக் கொளுவி இழுப்பது ஒரு சங்கிலி) போடுங்கள், ஊசியிலிருந்து இரண்டாவதாக இருக்கும் சங்கிலிக்குள் ஆறு சிங்கிள் போடுங்கள். முதல் சுற்று முடிந்தது. நடுவில் ஊசிமுனை அளவு துவாரம் மிஞ்சும். முயலின் தலை உச்சியில் அது வந்தால், கடைசியில் வால்நூலை (தொடக்கத்தில் மிஞ்சும் நூல் நுனியை) அதற்குள்ளால் ஒரு சுற்று ஓட்டி இறுக்கிவிடலாம்.

மெஜிக் ரிங்கே போடுகிறவர்கள் ஆறு கண்ணியும் முடியும்வரை வளையத்தின் அடியை விரலால் அமர்த்திப் பிடியுங்கள். வால்நூலை ஒரு சாணாவது விட்டுவையுங்கள், பிறகு அதைத் திருப்பித் தைத்து முடிச்சிட வேண்டும். குட்டையாக வெட்டியதுதான் பெரும்பாலும் பின்னால் அவிழ்கிறது.

எண்ணிக்கையை எப்படித் தவறவிடாமல் வைத்திருப்பது?

இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் முயலின் உருவம் முழுவதும் இதில்தான் நிற்கிறது.

சுருளாகப் பின்னும்போது ஒரு சுற்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் ஓர் அடையாளம் மாட்ட வேண்டும். ஸ்டிச் மார்க்கர் என்று தனியாக விற்கிறார்கள். சட்டைப்பின் போதும், வேறு நிற நூல் துண்டும் போதும். சுற்று முடிந்து அந்தக் கண்ணிக்கு வந்ததும் அடையாளத்தைக் கழற்றி, அந்தக் கண்ணியில் பின்னி, புதிதாக வந்த கண்ணியில் திருப்பி மாட்டுங்கள். ‘இந்த ஒரு சுற்றுக்கு மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறேன்’ என்று விடாதீர்கள்.

அடுத்து, சுற்று முடிந்ததும் எண்ணுங்கள். மேலிருந்து பார்த்தால் விளிம்பில் ‘வி’ வடிவங்கள் வரிசையாகத் தெரியும், ஒரு ‘வி’ ஒரு கண்ணி. ஊசியில் தொங்கும் வளையம் கணக்கில் சேராது. புதியவர்களுக்கு ஒன்று கூடுவது பெரும்பாலும் அதைச் சேர்த்து எண்ணுவதால்தான். தலையிலும் உடம்பிலும் கூட்டும் சுற்றுகளில் 6, 12, 18, 24, 30 என்று ஆறு ஆறாக ஏறும், குறைக்கும்போது அதே கணக்கில் இறங்கும். வேறு எண் வந்தால் அந்தச் சுற்றில்தான் பிழை. அப்போதே அவிழ்த்துச் சரிசெய்தால் ஒரு சுற்றுத்தான் போகும். இரண்டு சுற்றுக்குப் பிறகு பார்த்தால் மனம் வராது, அப்படியே இழுத்துக்கொண்டு போவீர்கள், கழுத்து ஒருபக்கம் சாய்ந்து நிற்கும்.

முடித்த சுற்றுகளைக் காகிதத்தில் கோடு போட்டுக் குறியுங்கள். பிள்ளை அழுதால், கதவு தட்டினால், கரண்ட் போனால் இடத்தை மறக்காமல் இருக்க அந்தக் கோடுதான் துணை. எழும்ப வேண்டி வந்தால் சுற்றை முடித்துவிட்டு எழும்புங்கள், ஊசியில் இருக்கும் வளையத்தில் சட்டைப்பின்னை மாட்டிவிடுங்கள்.

எந்தப் பக்கம் வெளிப்பக்கம்?

‘வி’ வடிவங்கள் ஒழுங்காகத் தெரிவது வெளிப்பக்கம். குறுக்குக் கோடுகள் தெரிவது உட்பக்கம். மூன்றாம் நான்காம் சுற்றில் துண்டு கிண்ணமாக வளையத் தொடங்கும். அப்போது வெளிப்பக்கம் உங்களைப் பார்க்கவும், ஊசி வெளியிலிருந்து உள்ளே நுழையவும் வேண்டும். மாறியிருந்தால் அவிழ்க்க வேண்டியதில்லை, கிண்ணத்தை உள்வெளியாகப் புரட்டிவிட்டுத் தொடருங்கள்.

முழு முயலுக்கான கணக்கைத் தாருங்கள்.

இது தலையும் உடம்பும் ஒரே துண்டாக வரும் சின்ன முயல். தலையைத் தனியே பின்னித் தைக்கும் முறைகளில் கழுத்துத் தளர்வது சகஜம், அதனால்தான் புதியவர்களுக்கு இந்த முறையைக் கொடுக்கிறேன். 5 இழை நூலும் 2.5 ஊசியும் என்றால் காதோடு சேர்த்து 12, 13 சென்றிமீற்றர் உயரம் வரும். அடைப்பில் இருப்பது சுற்று முடிவில் இருக்க வேண்டிய கண்ணி.

தலையும் உடம்பும்:
1ஆம் சுற்று: வளையத்துக்குள் 6 சிங்கிள் (6).
2ஆம் சுற்று: ஒவ்வொரு கண்ணியிலும் கூட்டல் (12).
3ஆம் சுற்று: 1 சிங்கிள், 1 கூட்டல், இப்படி ஆறு தடவை (18).
4ஆம் சுற்று: 2 சிங்கிள், 1 கூட்டல், ஆறு தடவை (24).
5ஆம் சுற்று: 3 சிங்கிள், 1 கூட்டல், ஆறு தடவை (30).
6 முதல் 11 வரை: கூட்டாமல் குறைக்காமல் சிங்கிள் (30).
12ஆம் சுற்று: 3 சிங்கிள், 1 குறைத்தல், ஆறு தடவை (24).
13ஆம் சுற்று: 2 சிங்கிள், 1 குறைத்தல், ஆறு தடவை (18).
14ஆம் சுற்று: சிங்கிள் மட்டும் (18). இது கழுத்து. இங்கே நிறுத்தித் தலைக்குள் பஞ்சை இறுக்கமாக நிரப்புங்கள்.
15ஆம் சுற்று: 2 சிங்கிள், 1 கூட்டல், ஆறு தடவை (24).
16 முதல் 21 வரை: சிங்கிள் மட்டும் (24).
22ஆம் சுற்று: 2 சிங்கிள், 1 குறைத்தல், ஆறு தடவை (18). கழுத்துக்குள்ளும் உடம்புக்குள்ளும் பஞ்சு.
23ஆம் சுற்று: 1 சிங்கிள், 1 குறைத்தல், ஆறு தடவை (12). மிச்சப் பஞ்சு.
24ஆம் சுற்று: ஆறு குறைத்தல் (6). நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, ஊசியில் கோத்து, ஆறு கண்ணியின் முன்நூலுக்குள்ளும் (‘வி’யின் இரண்டு நூலில் உங்கள் பக்கம் இருப்பது) ஓட்டி இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும்.

காது, இரண்டு: 6 சிங்கிளில் தொடங்குங்கள். 2ஆம் சுற்று 1 சிங்கிள், 1 கூட்டல், மூன்று தடவை (9). 3ஆம் சுற்று 2 சிங்கிள், 1 கூட்டல், மூன்று தடவை (12). 4 முதல் 10 வரை சிங்கிள் (12). 11ஆம் சுற்று 4 சிங்கிள், 1 குறைத்தல், இரண்டு தடவை (10). 12ஆம் சுற்று 3 சிங்கிள், 1 குறைத்தல், இரண்டு தடவை (8). காதுக்குப் பஞ்சு வேண்டாம், தட்டையாக அமர்த்துங்கள்.

கை, இரண்டு: 6 சிங்கிள். 2ஆம் சுற்று 2 சிங்கிள், 1 கூட்டல், இரண்டு தடவை (8). 3 முதல் 8 வரை சிங்கிள் (8). நுனியில் மட்டும் ஒரு சிட்டிகை பஞ்சு.

கால், இரண்டு: 6 சிங்கிள். 2ஆம் சுற்று எல்லாவற்றிலும் கூட்டல் (12). 3, 4 சிங்கிள் (12). 5ஆம் சுற்று 4 சிங்கிள், 1 குறைத்தல், இரண்டு தடவை (10). 6, 7 சிங்கிள் (10). பாதத்தில் பஞ்சு நன்றாக, மேலே குறைவாக.

வால்: 6, பிறகு 12, அதன்பின் ஒரு சுற்று 12. நூலால் குஞ்சம் கட்டியும் வைக்கலாம். ஆனால் கைக்குழந்தைக்குக் கொடுக்கும் முயலில் குஞ்சம் வேண்டாம், இழை இழையாகப் பிய்ந்து வாய்க்குள் போகும்.

காது, கை, கால், வால் எல்லாவற்றிலும் முடிக்கும்போது 30 சென்றிமீற்றர் நூல் விட்டு வெட்டுங்கள், தைக்க அதே நூல் உதவும்.

குறைக்கும் இடங்களில் மட்டும் ஓட்டை தெரிகிறது.

இரண்டு கண்ணியையும் முழுதாகப் பிடித்துக் குறைப்பதால் வருவது அது. அடுத்தடுத்த இரண்டு கண்ணிகளின் முன்நூலை மட்டும் ஊசியில் எடுத்து, நூலைக் கொளுவி இரண்டுக்குள்ளாலும் இழுத்து, பிறகு வழக்கமான சிங்கிள் போல முடியுங்கள். எங்கே குறைத்தீர்கள் என்று தேடினாலும் தெரியாது.

ஒரு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கப் போகிறேன். பிளாஸ்டிக் கண் வைக்கலாமா?

வேண்டாம். பாதுகாப்புக் கண் என்று விற்கும் பின்பூட்டுள்ள கண்கூட, மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வேண்டாம். கண் உடையாது, பூட்டும் கழராது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அது நிற்பது நூற்பின்னலில். பிள்ளை கடித்து இழுத்துக் கண்ணி அகன்றால், கண் பூட்டோடு சேர்ந்தே வெளியே வரும். பிற நாடுகளின் விளையாட்டுப் பொருள் விதிகளிலும் 36 மாதம் என்ற எல்லை இருக்கிறது. அந்த வயதுக்கு உட்பட்டோரின் பொம்மையில் தொண்டைக்குள் போகக்கூடிய சிறு பகுதி எதுவும் கழரக் கூடாது. பொத்தான், மணி, ஒட்டிய கண் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். உள்ளே கிலுகிலுப்பை வைக்காதீர்கள், காது நிமிர்ந்து நிற்கட்டும் என்று கம்பி வைக்காதீர்கள். நம் கடற்காற்றில் கம்பி துருப்பிடித்து நூலில் கறை இறங்கும், ஒருநாள் முனை வெளியே குத்தும்.

கழுத்தில் ரிபன் கட்டினால் நீளமாகத் தொங்கவிட வேண்டாம், சின்ன முடிச்சாக்கித் தைத்துவிடுங்கள். இன்னொன்று: ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில், தொட்டிலிலோ பாயிலோ, எந்த மென்பொம்மையையும் வைக்கக் கூடாது. விழித்திருக்கும்போது பெரியவர் பக்கத்தில் இருந்து விளையாட்டுக் காட்டட்டும்.

கொடுக்கும் முன் சோதித்துப் பாருங்கள். உடம்பை ஒரு கையால் பிடித்து, காதையும் கையையும் காலையும் ஒவ்வொன்றாக நல்ல பலத்தோடு இழுங்கள். சற்றும் அசைந்தால் மறுபடி தையுங்கள். தயங்கித் தயங்கி இழுத்தால் அது சோதனையே இல்லை. பிள்ளை தயங்காது.

முகம் சரியாக வரவில்லை. முயல் பயந்த மாதிரி இருக்கிறது.

கண்கள் மேலே ஏறி நெருங்கியிருக்கும். இந்த முயலுக்குக் கண் 8ஆம் சுற்றுக்கும் 9ஆம் சுற்றுக்கும் நடுவே, இடையில் ஆறு கண்ணி விட்டு வர வேண்டும். தாழ்ந்தும் அகன்றும் இருந்தால் குட்டித்தனம் வரும். மூக்கு அதற்கு ஒரு சுற்றுக் கீழே, நட்ட நடுவில், இளஞ்சிவப்பு நூலால் இரண்டு மூன்று கண்ணி அகலத்தில் சின்ன ‘வி’.

கறுப்பு நூலில் கண் தைக்கும்போது ஒரே இடத்தில் ஐந்தாறு தடவை மேலும் கீழுமாக ஓட்டுங்கள், அரிசி அளவுக்குத் திரளும். அதன் வெளியோரத்தில் ஒரேயொரு வெள்ளைத் தையல் போட்டால் பார்வை உயிர் பெறும். மூன்று வயது தாண்டிய பிள்ளைக்குப் பிளாஸ்டிக் கண் வைப்பதென்றால் 6 அல்லது 8 மில்லிமீற்றர் எடுத்து, 11ஆம் சுற்று முடிந்ததும் உள்ளிருந்து பூட்டுங்கள். பூட்டினால் கழற்ற முடியாது. ஆகவே பூட்டுமுன் முயலைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள், போனில் படமெடுத்தும் பாருங்கள். கிட்டத்தில் தெரியாத கோணல் படத்தில் தெரியும்.

முகத்துக்கு நேரம் எடுங்கள். பிள்ளை கட்டிப்பிடிப்பது அந்த முகத்தைப் பார்த்துத்தான்.

காது ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகப் போய்விடுகிறது. தலையும் ஆடுகிறது.

தைக்குமுன் எல்லா உறுப்பையும் சட்டைப்பின்னால் பொருத்தி நிறுத்துங்கள். காதின் அடியை இரண்டாக மடித்து, தலை உச்சியிலிருந்து 3ஆம் 4ஆம் சுற்றுப் பக்கம், உச்சிக்கு இருபுறமும் சம தூரத்தில் வையுங்கள். மேலிருந்து ஒரு தடவை, முன்னிருந்து ஒரு தடவை பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்து இரண்டு சுற்றுத் தையுங்கள். மிச்ச நூலை உடம்புக்குள் விட்டு மறுபக்கம் எடுத்து, இழுத்துப் பிடித்து வெட்டினால் நுனி உள்ளே ஒளிந்துகொள்ளும்.

தலை ஆடுவது பஞ்சுக் குறை. நீங்கள் போதும் என்று நினைக்கும் அளவுக்குப் பிறகும் கழுத்தில் கொஞ்சம் செல்லும். பென்சிலின் பின்முனையால் சிறிது சிறிதாகத் தள்ளுங்கள். ஒரே கட்டியாகத் திணித்தால் நடுவில் வெற்றிடம் விழும்.

நான் இடதுகைக்காரி. முறையை மாற்ற வேண்டுமா?

எண்களில் ஒன்றும் மாறாது. வலதுகைக்காரர் வலமிருந்து இடமாகப் போவார், நீங்கள் இடமிருந்து வலமாகப் போவீர்கள். வீடியோவைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் பார்க்கலாம், அல்லது கற்பிப்பவருக்கு எதிரே உட்காருங்கள். வலது கைக்கு மாறச் சொன்னால் கேட்க வேண்டாம்.

வெயில் காலத்தில் கை வியர்த்து ஊசி நகரவே மாட்டேன் என்கிறது.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நண்பகலில் பின்ன உட்காராதீர்கள். காலையில், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. கைகழுவித் துடைத்து, விரலில் துளி முகப்பவுடர் தடவினால் நூல் வழுகும், நூலிலும் அழுக்கு ஏறாது. டச்சுபே கடற்கரைக்கு எடுத்துப் போய்ப் பின்னுகிறவர்கள் நூல் உருண்டையைப் பைக்குள்ளேயே வையுங்கள், மணல் புகுந்தால் உதறி எடுக்க முடியாது. அரை மணிக்கு ஒரு தடவை மணிக்கட்டை ஆட்டித் தளர்த்துங்கள். வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

எப்படிக் கழுவுவது? மாரியில் காயுமா?

கையால்தான். இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் மென்சவர்க்காரம் கரைத்து, முயலை அமுக்கி அமுக்கி எடுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், உள்ளே பஞ்சு ஒருபக்கம் ஒதுங்கும். துவாயில் சுற்றி அழுத்தி நீரை எடுத்துவிட்டு, நிழலில் கிடத்திக் காயவிடுங்கள். காதைப் பிடித்துக் கொடியில் தொங்கவிட்டால் காது நீண்டுவிடும்.

கார்த்திகை, மார்கழி வாடையில் பருத்தி முயல் வெளியே காய்ந்தும் உள்ளே ஈரமாகவே இருக்கும். மின்விசிறிக்குக் கீழே இரண்டு மூன்று நாள் வைத்து, நடுவயிற்றை அமர்த்திப் பார்த்து, குளிர்ச்சி போன பிறகே பிள்ளையிடம் கொடுங்கள். அந்த மாதங்களில் கட்டாயம் இல்லையென்றால் கழுவாமல் ஈரத்துணியால் துடைத்துவிடுவதே நல்லது. சிவப்பு, கடும் நீல நூலை வெளிர் நூலோடு சேர்த்துப் பின்னுவதென்றால், ஒரு துண்டை வெள்ளைத் துணியில் சுற்றி நனைத்துச் சாயம் போகிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

எத்தனை வயதில் பிள்ளைகளுக்குப் பழக்கலாம்? ஆண்பிள்ளைகளுக்கும் வருமா?

எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை முயல் பின்னும். அதற்குக் குறைந்தவர்கள் சங்கிலி போட்டு வளையல் கட்டட்டும், அதுவே அவர்களுக்குப் பெரிய சந்தோஷம். ஆண்பிள்ளைகளுக்குத் தாராளமாக வரும். கிழிந்த வலையைக் கரையில் இருந்து கண்ணி கண்ணியாகச் சரிசெய்யும் ஆண்களின் ஊர் இது.

முதல் முயலுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?

10 முதல் 15 மணி நேரம் என்று வையுங்கள். தினமும் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு வாரத்தில் முடியும். கை பழகினால் பாதி நேரம் போதும்.

விற்கலாமா? என்ன விலை சொல்வது?

விற்கலாம். வைகாசி முதல் புரட்டாதி வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் வரும் காலம். சிறிதாக, பாரமில்லாமல், பைக்குள் அடங்குவதாக ஒன்றைத் தேடுவார்கள். பிறந்தநாளுக்கும் குழந்தை பிறந்த முப்பத்தோராம் நாளுக்கும் நம் ஆட்களே கேட்பார்கள்.

விலையில் பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். நூற்காசும் பஞ்சுக்காசும் வந்தால் போதும் என்று கொடுத்துவிடுகிறார்கள். கடையில் தொங்கும் பொம்மையோடு ஒப்பிட்டு விலையைக் குறைக்கச் சொன்னால் அமைதியாக விளக்குங்கள். அது இயந்திரத்தில் வெட்டித் தைத்தது. குரோஷே பொம்மை எங்கே வாங்கினாலும் ஒரு மனிதர் கண்ணி கண்ணியாகக் கையால் பின்னியது. பொருட்காசு எவ்வளவு, எத்தனை மணி நேரம், உங்கள் ஊரில் ஒரு மணி நேர உழைப்புக்கு என்ன கூலி, இந்த மூன்றையும் எழுதிக் கூட்டுங்கள். அதற்குக் கீழே இறங்காதீர்கள். நீங்கள் இறங்கினால் பக்கத்து வீட்டில் பின்னுகிற பெண்ணும் இறங்க வேண்டி வரும்.

காசு கொடுத்து வாங்கிய முறையை வைத்துப் பின்னினால், விற்க அனுமதி உண்டா என்று அதை எழுதியவரின் குறிப்பில் பாருங்கள். முறையையே படியெடுத்து விற்பது கூடாது. எந்த வயதுக்கு ஏற்றது, எப்படிக் கழுவுவது என்று ஒரு துண்டில் எழுதிக் கட்டிக் கொடுத்தால் வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும்.

முயல் முடித்துவிட்டேன். கோட்டைக்குப் போகும் வழியில் நிற்கும் மானைப் பின்னித் தரச் சொல்லி மகள் கேட்கிறாள். இதே கணக்கில் வருமா?

வரும். பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் நகர வீதிகளிலும் புள்ளிமானைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகள் முயலுக்கு அடுத்ததாகக் கேட்பது அதைத்தான். தலை, உடம்பு, கை, கால் எல்லாம் இதே சுற்றுகள், நூல் மட்டும் செம்மண் நிறம். காதைக் குட்டையாக்குங்கள்: 6, 9, அதன்பின் நான்கு சுற்று 9, அவ்வளவு போதும். உச்சியில் அல்ல, பக்கவாட்டில் 5ஆம் 6ஆம் சுற்றில் தையுங்கள். கொம்பு வேண்டாம், பெண்மானுக்குக் கொம்பில்லை, தைக்கும் வேலையும் குறையும். வாலின் அடிப்பக்கத்துக்கு வெள்ளை நூல். முதுகுப் புள்ளிகளை வெள்ளை நூலால் ஒரு கண்ணிக்கு ஒரு தையலாக, வரிசை பிசகிப் பிசகிப் போடுங்கள். 21ஆம் சுற்று முடிந்து உடம்பு திறந்திருக்கும்போதே போட்டுவிடுங்கள், முடிச்சுகளை உள்ளே இட அதுதான் வசதி.